ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கார்டு: தேர்வு, கட்டும் முறை, சோதனை

நீளம் குறைந்த எக்ஸ்டென்ஷன் கார்டு என்றால் மெல்லிய ஒயர் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 0.75 ஸ்கொயர் எம்எம் நெகிழ் செம்பு ஒயரின் மின்தடை, 20 டிகிரி செல்சியஸில், மீட்டருக்கு 0.026 ஓம். மின்சாரம் போக ஒரு கோர் (உறைக்குள் தனித்தனியாக ஓடும் கம்பி), திரும்ப ஒரு கோர். 10 ஆம்பியர் ஓடினால் ஒவ்வொரு மீட்டரிலும் 5.2 வாட் வெப்பம் பிறக்கும். கார்டு ஒரு மீட்டரானாலும் பத்து மீட்டரானாலும் அந்த ஒரு மீட்டர் படும் பாடு ஒன்றுதான். அதே 10 ஆம்பியரை 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் விட்டால் மீட்டருக்கு 2.7 வாட், ஏறக்குறைய பாதி. நீளம் குறைவதால் மிச்சமாவது வோல்டேஜ் இறக்கம் மட்டுமே. ஒன்றரை மீட்டர் 0.75 ஒயரில் 10 ஆம்பியருக்கு இறங்குவது 0.8 வோல்ட்டுக்கும் குறைவு. எந்தக் கருவிக்கும் அது உறைக்காது.

இன்னொன்று இதைவிட முக்கியம். குட்டைக் கார்டுகளில் பெரும்பாலும் முதலில் கருகுவது முனைகள்தான்: ப்ளக் ஊசி, திருகு முனை, சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வி. ஓர் இணைப்பில் 0.05 ஓம் கூடுதல் தடை வந்துவிட்டால், 10 ஆம்பியருக்கு அந்த இடத்தில் 5 வாட். ஒரு மீட்டர் ஒயரில் பரவி ஆற வேண்டிய வெப்பம் முழுவதும் ஒரு திருகின் தலை அளவு இடத்தில் குவிகிறது. பித்தளை சூடாகிறது, கவ்வியின் ஸ்பிரிங் விறைப்புத் தளர்கிறது, மேற்பரப்பில் ஆக்சைடு படிகிறது, தடை இன்னும் ஏறுகிறது. தானாக நிற்கும் சுழற்சி இல்லை இது. அதனால் கீழே சொல்லும் வேலையில் முக்கால்வாசி கவனம் முனைகளின் மேல்தான்.

முதலில் ஆம்பியர் கணக்கு

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட் இணைப்பில் 2000 வாட் ஹீட்டர் இழுப்பது 8.7 ஆம்பியர். 120 வோல்ட் உள்ள இடத்தில் அதே வாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும், ஒயரும் அதற்கேற்பத் தடிக்க வேண்டும். இந்தப் பதிவில் உள்ள கணக்கெல்லாம் 230 வோல்ட்டுக்கு.

நெகிழ் ஒயருக்குப் பொதுவாகக் கொள்ளும் அளவுகள் இவை: 0.5 ஸ்கொயர் எம்எம் 3 ஆம்பியர், 0.75 என்றால் 6, 1.0 என்றால் 10, 1.5 என்றால் 16, 2.5 என்றால் 25. காற்றோட்டமாக, சுருட்டாமல் கிடக்கும் ஒயருக்கு உள்ள கணக்கு இது. உற்பத்தியாளர் ஒயரின் மேல் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் ஓடும் லோடு என்றால் இந்த எல்லையின் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதாவது 1.5 ஒயரில் நீண்ட நேரத்துக்கு 12 ஆம்பியர்.

போன் சார்ஜர், லேப்டாப், ரவுட்டர், டிவி எல்லாம் சேர்ந்தாலும் 2 ஆம்பியரைத் தாண்டுவது அரிது. மிக்சி 500 முதல் 750 வாட், அயர்ன் பாக்ஸ் 1000 முதல் 2000, கெட்டில் 1500க்கு மேல், இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வரை. சூடாக்கும் கருவி எதுவானாலும் அது கனமான லோடு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு நேராது. ஃப்ரிட்ஜின் பெயர்ப்பலகையில் 150 வாட் என்றிருக்கும்; ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் அதன் பல மடங்கு இழுக்கும். லூஸான கவ்வியில் அந்தக் கணம்தான் பொறி பறக்கும். ஏசி, வாட்டர் ஹீட்டர் இரண்டையும் எக்ஸ்டென்ஷனில் மாட்டவே கூடாது. அவற்றுக்குத் தனி லைன் தேவை.

“அதிகமானால் எம்சிபி (மின்பலகையில் தானாக அணையும் ஸ்விட்ச்) விழுந்துவிடுமே” என்ற நம்பிக்கையை இங்கேயே ஓரம் வைக்க வேண்டும். 16 ஆம்பியர் எம்சிபி தன் அளவின் 1.13 மடங்கு வரை, அதாவது 18 ஆம்பியர் வரை, ட்ரிப் ஆகக் கூடாது என்பதே அதன் தர விதி. 1.45 மடங்கு, 23 ஆம்பியர், ஓடினாலும் விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. சுவருக்குள் இருக்கும் தடித்த ஒயரைக் காப்பதற்காக அது அங்கே இருக்கிறது. அதன் கீழ் மாட்டிய 0.75 கார்டில் 18 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 17 வாட் வெப்பம். எம்சிபிக்கு அது ஒரு சங்கதியே இல்லை. பல சாக்கெட் உள்ள பெட்டியில் 6 அல்லது 10 ஆம்பியர் ஓவர்லோடு பட்டனோ ஃப்யூஸோ இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான். ஃப்யூஸ் உள்ள ப்ளக் என்றால், அந்த ஃப்யூஸ் ஒயரின் அளவைத் தாண்டாமல் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

ரெடிமேடாக வாங்கினால்

ஒயரின் மேலுறையில் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். 3ஜி1.5 என்றிருந்தால் மூன்று கோர், ஒவ்வொன்றும் 1.5 ஸ்கொயர் எம்எம், அதில் ஒன்று பச்சை-மஞ்சள் எர்த். ஜி இருக்கும் இடத்தில் பெருக்கல் குறியோ எக்ஸ் எழுத்தோ இருந்தால் பச்சை-மஞ்சள் கோர் இல்லை என்பது ஐரோப்பிய ஒயர்க் குறிமுறையின் வழக்கம். மற்ற முறைகளில் மூன்று கோருக்கும் பெருக்கல் குறியே போடுவதுண்டு. அங்கே கோரின் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த அளவும் அச்சடிக்காத ஒயரை வாங்காதீர்கள். தடித்த உறை, மெல்லிய செம்பு என்பது மலிவுக் கார்டுகளின் வழக்கமான வித்தை. வெளியே கட்டை விரல் பருமன் இருக்கும், உள்ளே 0.5கூடத் தேறாது.

திறந்து பார்க்க வழி இருந்தால் இழைகளை எண்ணலாம். 0.75 ஒயரில் 0.2 மில்லிமீட்டர் இழை 24 இருக்கும். 1.0 ஒயரில் அதே இழை 32. 1.5 ஒயரில் 0.25 மில்லிமீட்டர் இழை 30. உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் எண்ணிக்கை மாறலாம். ஓர் இழையின் குறுக்குப் பரப்பை எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் பரப்பு அச்சடித்த அளவை ஒட்டி வர வேண்டும். பிறகு ஓர் இழையைப் பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். திருகுக்கு அடியில் நசுங்கி நாளடைவில் லூஸாகும், வளைத்து வளைத்து இழுத்தால் முறியும். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு. இரண்டையும் கழித்துவிடுங்கள்.

சாக்கெட் பக்கம் பார்க்க வேண்டியது கவ்வியின் இறுக்கம். ப்ளக் உறுதியாக உள்ளே போக வேண்டும், பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்கினாலும் விழக்கூடாது. எல்லா வடிவ ப்ளக்கையும் ஏற்கும் அகன்ற துளை சாக்கெட் பார்க்க வசதி. ஆனால் உருண்டை ஊசிக்கும் தட்டை ஊசிக்கும் ஒரே கவ்வி என்றால் எதையும் அது முழுப் பரப்பில் பிடிக்காது. சார்ஜருக்குச் சரி, கெட்டிலுக்குக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் துளைகளுக்கு உள்ளே ஷட்டர் இருப்பது கட்டாயம். எர்த் துளை வெறும் ஓட்டையாக, உள்ளே உலோகமே இல்லாத பெட்டிகளும் புழங்குகின்றன. டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஸ்பைக் கார்ட் என்று எழுதியிருப்பது ஓவர்லோடு பாதுகாப்பு ஆகாது. அது மின்னழுத்த எகிறலுக்கு உரியது, உள்ளிருக்கும் வேரிஸ்டர் அடி வாங்கி வாங்கித் தேய்ந்துபோகும்.

கையால் கட்டும் முறை

கனமான லோடுக்கு ஒற்றை சாக்கெட் கார்டு ஒன்றைத் தனியாகக் கட்டி வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. ஒரே துளை என்றால் இரண்டு ஹீட்டரை ஒன்றாக மாட்ட வழியே இல்லை. சில நாடுகளில் இந்த வேலைக்கு உரிமம் பெற்றவர் தேவை; அங்கே வார்ப்பு ப்ளக்குடன் வருவதையே வாங்குங்கள்.

தேவையானவை: இரட்டை உறையுள்ள 3 கோர் 1.5 ஸ்கொயர் எம்எம் நெகிழ் ஒயர் 1.7 மீட்டர், சுவர் சாக்கெட்டுக்குப் பொருந்தும், திருகிக் கழற்றும் வகை 16 ஆம்பியர் ப்ளக் ஒன்று (உங்கள் இடத்தில் 13 ஆம்பியர் ஃப்யூஸ் ப்ளக் என்றால் அது), அதே அளவுள்ள ஒற்றை சாக்கெட் பெட்டி ஒன்று, 1.5 அளவு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழாய்) ஆறு, அதை நசுக்கும் கிரிம்பர், ஸ்ட்ரிப்பர், பொருத்தமான முனையுள்ள ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர். ப்ளக், ஒயர், சாக்கெட் மூன்றில் எது சிறியதோ அதுதான் கார்டின் அளவு. 6 ஆம்பியர் ப்ளக்கையும் 16 ஆம்பியர் சாக்கெட்டையும் ஒரே ஒயரில் சேர்த்தால், பெரிய சாக்கெட்டைப் பார்த்துப் பெரிய கருவியை யாரோ ஒருவர் மாட்டத்தான் செய்வார்.

முதலில் மேலுறை. ப்ளக்கைத் திறந்து ஒயரை அதன் மேல் வைத்துப் பாருங்கள்: ஒயரைப் பிடிக்கும் கிளாம்ப் மேலுறையைக் கவ்வ வேண்டும், அதைத் தாண்டி 5 மில்லிமீட்டராவது உறை உள்ளே வர வேண்டும். அதற்கு அப்பால்தான் உரிக்க வேண்டும். பிளேடால் சுற்றி ஆழமாக வெட்டாதீர்கள். பாதி ஆழம் கீறி, அந்த இடத்தில் ஒயரை வளைத்தால் உறை தானே பிளக்கும். வெட்டிய பின் ஒவ்வொரு கோரையும் நகத்தால் வருடிப் பாருங்கள். சின்னக் கீறல் தட்டினாலும் அந்த முனையை நறுக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். கூடுதல் 20 சென்டிமீட்டர் இதற்குத்தான்.

மூன்று கோரையும் அதனதன் திருகு வரை வைத்து நறுக்குங்கள். எர்த் கோர் மட்டும் மற்ற இரண்டைவிட 10 முதல் 15 மில்லிமீட்டர் நீளமாக, உள்ளே தளர்வாக வளைந்து கிடக்கட்டும். ஒயரை யாராவது வெடுக்கென்று இழுத்து கிளாம்ப் விட்டுக்கொடுத்தால் பேஸும் நியூட்ரலும் முதலில் பிய்ந்துவர வேண்டும். எர்த் கடைசி வரை பிடித்திருக்க வேண்டும்.

முனையில் 8 மில்லிமீட்டர் இன்சுலேஷன் உரியுங்கள். ஒரே ஓர் இழை அறுந்தாலும் மறுபடி உரியுங்கள். இழைகளை லேசாக முறுக்கி, ஃபெரூலுக்குள் முழுவதும் நுழைத்து, கிரிம்பரால் ஒரே அமுக்கு. நசுக்கியபின் இழுத்தால் அசையக் கூடாது. ஃபெரூல் இல்லையென்றால் இழைகளை முறுக்கி இரண்டாக மடித்துத் திருகுக்கடியில் கொடுக்கலாம். ஈயம் வைத்து மட்டும் திருகாதீர்கள். பார்வைக்கு அழகாக, கெட்டியாக இருக்கும். ஆனால் ஈயம் மெத்தென்றது. திருகின் அழுத்தத்தில், சூட்டில், மெல்ல மெல்ல வழிந்து விலகும். சில மாதங்களில் திருகு தளர்ந்திருக்கும். நன்றாகச் செய்ததாக நினைத்த ப்ளக் கருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒயரைத் துளைக்குள் நுழைத்து மேலிருந்து திருகும் வகை முனையில் திருகு ஃபெரூலின் நடுவே இறங்க வேண்டும். இன்சுலேஷன் திருகுக்கடியில் சிக்கினால் இறுகியதுபோல் கைக்குத் தெரியும். உள்ளே செம்பு அரைகுறையாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். வாஷர் வகை என்றால், திருகு இறுகும் திசையிலேயே, வலஞ்சுழியாக, ஒயரைச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்க இறுக்க வெளியே பிதுங்கும். வாஷருக்கு ஃபெரூல் வேண்டாம், முறுக்கிய இழை அல்லது வளைய லக்கே சரி.

எந்தக் கோர் எங்கே என்பதில் எல் (பேஸ்), என் (நியூட்ரல்), ஈ (எர்த்) என்று ஆங்கிலத்தில் பொறித்த எழுத்தை மட்டும் நம்புங்கள். ப்ளக்கை முன்னாலிருந்து பார்ப்பதும் பின்னாலிருந்து பார்ப்பதும் கண்ணாடி பிம்பம்போல் இடவலம் மாறும், நினைவை நம்பினால் தவறு நேரும். பழுப்பு அல்லது சிவப்பு பேஸ், நீலம் அல்லது கறுப்பு நியூட்ரல், பச்சை-மஞ்சள் அல்லது பச்சை எர்த் என்பது பரவலான வழக்கம். வட அமெரிக்காவில் கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல் என்பதால் கறுப்பைக் கண்டதும் முடிவு கட்டாதீர்கள். பெட்டியில் ஸ்விட்ச் இருந்தால் அது பேஸில்தான் வர வேண்டும். நியூட்ரலில் வந்தால் ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதும் கருவிக்குள் மின்சாரம் நிற்கும்.

கிளாம்பை இறுக்கி, மூடி போட்டு, ஒரு நாள் விட்டு மீண்டும் திறந்து எல்லாத் திருகையும் ஒரு முறை இறுக்குங்கள். நெகிழ் செம்பு முதல் அழுத்தத்தில் கொஞ்சம் படிந்துகொடுக்கும். கால் சுற்று கூடுதலாகத் திரும்புவது சகஜம்.

மின்சாரம் கொடுக்கும் முன்

மல்டிமீட்டரில் ஒவ்வொரு ஊசிக்கும் அதன் துளைக்கும் தொடர்ச்சி இருக்கிறதா, மூன்றுக்கும் இடையே ஒன்றும் இல்லையா என்று பாருங்கள். ஆனால் பீப் சத்தத்தோடு திருப்தி அடையாதீர்கள். பல மீட்டர்கள் 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். நாம் தேடும் குறை 0.05 ஓம். மீட்டரின் ஒயர்களுக்கே 0.2 ஓம் இருக்கும்.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி பவர் சப்ளையை 1 ஆம்பியரில் வைத்து, ஒரு முனையை எர்த் ஊசியிலும் மறு முனையை சாக்கெட்டில் செருகிய தனி ப்ளக்கின் எர்த் ஊசியிலும் கவ்வுங்கள். அந்தத் தனி ப்ளக்கின் உட்புறத் திருகில் கவ்வினால் வசதி. மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, சப்ளையின் கவ்விகளைத் தொடாமல், ஊசியிலும் திருகிலும் நேரடியாக வைத்து அளவுங்கள். 1.5 ஒயருக்கு மீட்டருக்கு 0.0133 ஓம், ஒன்றரை மீட்டருக்கு 20 மில்லிவோல்ட் வர வேண்டும். இணைப்புகளுக்குக் கொஞ்சம் சேர்த்து 30 வரை பரவாயில்லை. இதையே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் செய்யுங்கள் (பெட்டியில் ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டு). மூன்றில் ஒன்று மட்டும் 60, 80 என்று காட்டினால் அங்கே ஓர் இணைப்பு சரியில்லை. ஒயரை இரு முனையிலும் அசைத்தபடி பாருங்கள்: எண் துள்ளினால் லூஸ் கான்டாக்ட். மின்சாரமே கொடுக்காமல் குறை அகப்பட்டுவிடும் என்பதால் இந்தச் சோதனையைத் தவறவிட மனம் வருவதில்லை.

மெகர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் 500 வோல்ட் டிசியில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து எர்த்துக்கு அளவுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் பயன்படுத்தக் கூடாது. புதுக் கார்டில் அளவு அதற்கு வெகு மேலே இருக்கும். ஸ்பைக் கார்ட் உள்ள பெட்டியில் வேரிஸ்டர் கடத்தி எண்ணைக் குழப்பும், அதை இப்படிச் சோதிக்காதீர்கள்.

கடைசியாக லோடு. 2000 வாட் ஹீட்டரை மாட்டி அரை மணி நேரம் ஓட்டுங்கள், பக்கத்திலேயே இருங்கள். பிறகு சுவர் ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, உடனே ப்ளக் உடலையும் பெட்டியையும் ஒயரையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. ஐந்து விநாடி கை வைக்க முடியாவிட்டால் எங்கோ தடை இருக்கிறது. ப்ளக், சாக்கெட்டுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60884-இல் முனைகளின் வெப்பம் சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. வெளிப்பிளாஸ்டிக் அதைவிடக் குறைவாகத்தான் காட்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளப்பான ஊசியின் மேல் பிடித்தால் குறைத்துக் காட்டும், பிளாஸ்டிக்கின் மேல் பிடியுங்கள். ப்ளக் மட்டும் சுட்டு ஒயர் ஆறியிருந்தால், உங்கள் திருகைக் குறை சொல்லும் முன் சுவர் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள். பழைய சாக்கெட்டின் தளர்ந்த கவ்வி ஊசி வழியாக ப்ளக்கைச் சுடவைக்கும். புது ப்ளக் மாற்றினால் அதுவும் கருகும். அடுத்த சாக்கெட்டில் மாட்டிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

புழக்கத்தில்

ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொன்றை மாட்டுவது ஏன் கூடாது? நீளம் சிறு காரணம். ஒவ்வொரு கோர்ப்பும் ஆறு புது இணைப்புகளைச் சேர்க்கிறது, கடைசிப் பெட்டியில் மாட்டும் லோடு அத்தனையும் முதல் ப்ளக்கின் ஊசி வழியாகத்தான் வர வேண்டும். நீளம் போதவில்லை என்றால் சரியான நீளத்தில் ஒன்றே ஒன்று.

மிச்ச ஒயரைச் சுருட்டி டை போட்டுக் கட்டாதீர்கள். சுருளின் உள்வரிசைகளுக்கு வெப்பம் வெளியேற வழியில்லை. பிவிசி இன்சுலேஷனின் எல்லை 70 டிகிரி. கம்பளத்துக்கு அடியிலும் மெத்தை ஓரத்திலும் இதே கதைதான், கூடவே மிதிபட்டு இழைகள் உள்ளேயே முறியும். கதவிடுக்கில் நசுங்கிய ஒயர் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே பாதி இழைதான் மிச்சமிருக்கும். அயர்ன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பிவிசி ஒயர் வேண்டாம், ரப்பர் உறை வாங்குங்கள். குளியலறையில் எந்தக் கார்டும் வேண்டாம். தண்ணீர் புழங்கும் சமையல் மேடையில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள லைனில் மட்டும், தரையில் வைக்காமல், மேடை மட்டத்துக்கு மேலே திருகி மாட்டிய பெட்டியாக.

ப்ளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள், ஒயரைப் பிடித்து அல்ல. கனமான கருவியை முதலில் அதன் ஸ்விட்சில் அணைத்துவிட்டுப் பிறகு உருவுங்கள். லோடு ஓடும்போது உருவினால் ஊசி நுனியில் பொறி பறந்து சின்னக் குழி விழும். அந்தக் குழிதான் அடுத்த முறை கவ்வியைச் சுரண்டும்.

துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், ஊசியில் நீலம் பாய்ந்த அல்லது கறுத்த பித்தளை, பிளாஸ்டிக் கருகும்போது வரும் மீன் போன்ற வாடை, மாட்டியவுடன் சடசடவென்ற சத்தம். இவற்றில் ஒன்று வந்தாலும் அந்தப் பெட்டியின் வேலை முடிந்தது. கவ்வியைக் குறடால் நெருக்கிச் சரிசெய்வது நிற்காது. ஒரு முறை அளவுக்கு மீறிச் சுட்ட பித்தளையில் ஸ்பிரிங் விறைப்பு திரும்ப வராது. ஒயரின் நடுவில் உறை கிழிந்திருந்தால் டேப் சுற்றாதீர்கள். காயத்துக்கு இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் தள்ளி நறுக்குங்கள்; செம்பு பளிச்சென்று சிவப்பாகத் தெரியும் வரை இன்னும் நறுக்குங்கள். கறுத்த இழையில் திருகு பிடித்தாலும் மின்சாரம் சரியாகப் பிடிக்காது. மிஞ்சும் துண்டு ஒன்றரை மீட்டர் இருந்தால் அதுவே நல்ல குட்டைக் கார்டு ஆகும்.

கட்டிய கார்டின் சாக்கெட் பெட்டியில் அழியாத மையால் எழுதி ஒட்டுங்கள்: ஆம்பியர் அளவு, வாட் எல்லை, கட்டிய மாதம். கனமான லோடுக்குப் பயன்படும் கார்டின் திருகுகளை வருடம் ஒரு முறை திறந்து பாருங்கள். தூக்கி எறியும் கார்டின் ப்ளக்கை முதலில் நறுக்கி விடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி.